தொலைந்தால் கூப்பிட வேண்டிய எண்

ஜூன் 4, புதன்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில். ஜமுனாமரத்தூரில் பெற்றோர் பயிற்சி. பஞ்சர் கடை லீவு.

மானம் போன கதையை முதலில் எழுதிவிடுகிறேன். வேலூர்த் திட்ட ஆபீசிலிருந்து வந்த தேவகி மேடம் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில் உங்களுக்கு என்ன பயம், எழுதிப் பெட்டியில் போடுங்கள், கலந்து எடுத்துப் படிப்போம் என்றார். எல்லோரும் ஒரு வரி எழுதிப் போட்டார்கள். நான் கால் மணி நேரம் எழுதினேன். ஆபீஸ் ஆட்களுக்குக் காகிதம் கொடுப்பதென்றால் எனக்குத் தெரிந்தது மனு ஒன்றுதான். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, தெரு லைட் என்று எழுதி எழுதிக் கை அதற்கே பழகிவிட்டது. அனுப்புநர்: மு. கோவிந்தசாமி, பஞ்சர் கடை. பெறுநர்: உயர்திரு மேடம் அவர்கள். பொருள்: பயம் தொடர்பாக. கடைசியில் தேதி, கையெழுத்து, செல் நம்பர்.

மேடம் சத்தமாகப் படித்துப் பாதியில்தான் நிறுத்தினார். "சார், பேர் எழுத வேணாம்னு சொன்னேனே!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து எங்கள் ஊர் அண்ணாமலை: "மாமா, ஸ்டாம்ப் ஒட்னியா இல்லியா?" நானும் சிரித்தேன். பிள்ளைகள் வரிசையில் என் மகள் ப. மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனுவில் எழுதிய பயம்: பஸ். 'என் மகள் பவித்ரா இதுநாள்வரை டவுன் பஸ்ஸில் ஏறியதில்லை என்பதைத் தாழ்மையுடன்...' பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

விவரம், மறக்காமல் இருக்க: மலையிலிருந்து பதினொரு பிள்ளைகளை எடுத்திருக்கிறார்கள். வேலூரில் பதினொன்றாம் வகுப்பு, ஹாஸ்டல், எல்லாம் திட்டத்துச் செலவு. 8ஆம் தேதி கிளம்ப வேண்டும். 16ஆம் தேதி வகுப்பு. நடுவில் ஒரு வாரம் பயிற்சி. கம்ப்யூட்டர், இங்கிலீஷ், டவுன் பஸ் ஏறுவது, ரோடு கடப்பது. ரோடு கடப்பதற்குக்கூட வகுப்பு. நமக்கு மாடு கடந்த பிறகு கடந்தால் போதும்.

பெற்றோருக்கு விதிகள்:
- முதல் மூன்று வாரம் பார்க்க வரக் கூடாது.
- ஞாயிறு 4 முதல் 5 வரை பிள்ளைகளே கூப்பிடுவார்கள். நாம் கூப்பிடக் கூடாது.
- போனில் அழக் கூடாது.
- 'கஷ்டமா இருந்தா வந்துடு' என்று சொல்லவே கூடாது. (மேடம் இதை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை என்னைப் பார்த்து.)

கழுத்தில் மாட்ட ஒரு கார்டு. நாம்தான் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: 'தொலைந்தால் கூப்பிட வேண்டிய எண்'. மேடம், "அதுல உங்க நம்பர் வேணாங்க. மலையில சிக்னல் கிடைக்காது. எங்க ஆபீஸ் நம்பர எழுதுங்க, எப்பவும் ஆள் இருக்கும்" என்றார்.

எல்லோரும் தலையாட்டினோம். நானும்.

இந்த நோட்டு அவர்கள் கொடுத்த 'பெற்றோர் கையேடு'. முன்னால் பத்துப் பக்கம் அச்சு. பின்னால் வெறும் கோடு. வீணாக்குவானேன்.

ஜூன் 5, வியாழன்

மேகம். மழை இல்லை. பஞ்சர் 2.

அவர்கள் கொடுத்த பையைப் பிரித்தோம். நோட்டு 12, ஜாமெட்ரி பாக்ஸ், அகராதி, தண்ணி பாட்டில், யூனிபார்ம் துணி 2 செட், குடை, ஷூ.

ஷூ. விண்ணப்பத்தில் 'காலணி அளவு' என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு அளவென்றால் துடைப்பக்குச்சி. பாப்பாவின் காலுக்கு வைத்து ஒடித்து, அதை ஸ்கேலில் வைத்தேன். ஒன்பது அங்குலம். 9 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்பதாம் நம்பர் ஷூ வந்திருக்கிறது. எனக்குக் கச்சிதம்.

செல்வி அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "இன்னாய்யா இது, ஷூவா பரிசலா?"

ப. முன்பக்கம் துணி அடைத்து, இரண்டு சாக்ஸ் போட்டு, வீட்டுக்குள் நடந்து காட்டினாள். டொப், டொப். "பரவால்லப்பா. அங்க போய் மாத்திக்கலாம்." அம்மாவும் மகளும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். வேடிக்கை காட்டவாவது ஒரு அப்பன் வேண்டாமா.

மதியம் கார்டை நிரப்பினேன். பெயர். வகுப்பு. ரத்த வகை (தெரியாது, ஒரு கோடு). பிறகு அந்தக் கட்டம். கையேட்டில் ஆபீஸ் நம்பர் இருக்கிறது, பார்த்து எழுத வேண்டியதுதான். பேனாவை வைத்தேன். எழுத வரவில்லை. என் பிள்ளை எங்கேயோ ஒரு ரோட்டில் தொலைந்து நின்றால், போன் யாரோ ஒரு ஆபீசுக்குப் போக வேண்டுமா? நான் எதற்கு இருக்கிறேன்?

என் நம்பரை எழுதினேன். செல்வி கொல்லையில் இருந்தாள். ப. குளிக்கப் போயிருந்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடிவிட்டேன். திருட்டு வேலை செய்த மாதிரி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தேன்.

சிக்னல் விஷயம்: வீட்டில் இல்லை, கடையில் இல்லை. தண்ணி டேங்க் மேட்டில் உண்டு. கடையிலிருந்து பத்து நிமிட ஏற்றம். தினம் நான்கு தடவை ஏறினால் போயிற்று. தொப்பையும் குறையும்.

ஜூன் 7, சனி

மழை, மதியம் ஒரு மணி நேரம். பஞ்சர் 1. டயருக்குக் காற்று 4.

டீக்கடையில் இன்று நம் வீட்டுப் பேச்சுதான்.

"பொட்டப் புள்ளைய வேலூருக்கா அனுப்புற கோயிந்தா?"

"அங்க ரோட்ல நின்னா நம்மள ஒரு ஆளும் பாக்க மாட்டான். வுழுந்தாகூட தாண்டிக்கினு பூடுவான்."

"போன வருசம் மேலூர் பையன் ஒருத்தன் பத்தே நாள்ல திரும்பி வந்துட்டான். இன்னி வரிக்கும் யார்கிட்டயும் பேசறதில்ல."

"எம் பொண்ணு பேசறதுக்கு அங்க இருக்கறவனுங்கதான் ஓடி வரணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். கடைக்கு வந்து ஒரே டியூபில் இரண்டு தடவை ஒட்டுப் போட்டேன். ஓட்டை இல்லாத இடத்தில்.

பயங்கள், சும்மா எழுதிப் பார்க்கிறேன்:
பஸ். லாரி. தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் ஜுரம். இங்கிலீஷில் கேட்டால் முழிப்பாள். மலைக்காரி என்று கேலி செய்வார்கள். சாப்பாடு. மேலூர்ப் பையன் மாதிரி வாய் அடைத்துப் போவது. ஆட்டோக்காரன். தப்பான பஸ்.

எழுதினால் குறையும் என்று மேடம் சொன்னார். கூடுகிறது.

செல்வியிடம் கேட்டேன், உனக்குப் பயமே இல்லையா என்று. "இருக்குது. அதுக்கு? அவளும் இங்கியே குந்திக்கினு டியூப் ஒட்டணுமா?"

ஜூன் 8, ஞாயிறு

பனி மாதிரி மூட்டம். ஐந்தரைக்கே எழுந்தோம்.

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேன். பதினொரு பிள்ளைகள், இருபது பெற்றோர். செல்வி ஒரு டப்பாவில் சாமை முறுக்கு கட்டிக் கொடுத்தாள். நான் குடையை விரித்து மடக்கிக் காட்டினேன், அவளுக்குத் தெரியாத மாதிரி.

ப. கழுத்துக் கார்டைத் திருப்பிப் பார்த்தாள். நம்பரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சட்டைக்குள் விட்டுக்கொண்டாள்.

வேன் ஏறும்போது ஷூ படியில் தட்டித் தடுமாறினாள். பிடிக்கக் கை நீட்டினேன். அதற்குள் அவளே கம்பியைப் பிடித்துவிட்டாள்.

வேன் திரும்பிய பிறகும் கை நீட்டியபடியே நின்றேனாம். செல்வி சொல்லித்தான் இறக்கினேன்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். டேங்க் மேடு 5 தடவை. ஒன்றும் இல்லை. போன் வராவிட்டால் நல்லது என்று அர்த்தம். அப்படித்தான் சொல்லிக்கொண்டு இறங்குகிறேன். பாதி இறங்கியதும், இப்போது வந்திருந்தால் என்று திரும்ப ஏறுகிறேன்.

அண்ணாமலை: "மாமா, டேங்குக்கு வாட்ச்மேன் போஸ்ட் காலியா இருக்குதாம், ஒரு மனு போடேன்."

ஜூன் 12, வியாழன்

காற்று. சாமைக் கொல்லையில் செல்விக்குத் துணையாகப் பாதி நாள். பஞ்சர் 1.

கையேட்டில் பயிற்சி அட்டவணையைப் பார்த்தேன். சனிக்கிழமை: 'தனிப் பயணம். ஒவ்வொரு மாணவரும் ஹாஸ்டலிலிருந்து பள்ளிக்குத் தனியாக டவுன் பஸ்ஸில் வருவர். பள்ளி நிறுத்தத்தில் ஆசிரியர் காத்திருப்பார்.'

தனியாக. அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு ஆறிவிட்டது.

ஜூன் 14, சனி. வேலூர் பஸ் ஸ்டாண்டு, சாயங்காலம் 5.40

போளூர் பஸ் கிளம்ப அரை மணி ஆகும். பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்தான்.

நேற்று ராத்திரி கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் பாதிகூட இல்லை. காலை ஒன்பதுக்கு டேங்க் மேடு ஏற வேண்டும் என்று இருந்தேன். அந்த நேரம் பார்த்து டிராக்டர் பின் டயர் வந்தது. அவசரம் என்று நின்றான். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. பதினொன்றரைக்குத்தான் ஏறினேன்.

மேட்டில் கால் வைத்ததும் போன் குலுங்கியது. மிஸ்டு கால் மெசேஜ் வரிசையாக. ஒரே நம்பரிலிருந்து மூன்று: 9.40, 9.55, 10.20. இன்னொரு நம்பரிலிருந்து ஒன்று: 10.50.

முதல் நம்பரைக் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல், பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"ஆமாங்க, ஒரு பொண்ணு எம் போன வாங்கிப் பேசிச்சு. பேசல, அடிச்சிச்சு, நீங்கதான் எடுக்கல. பெரிய ஷூ ஒண்ணு மாட்டிக்கினு..."

"எங்கம்மா இருக்குது இப்ப?"

"தெரியலயேங்க. நான் பூக்கட ஆளு. ஒரு மணி நேரம் எங்கிட்டதான் குந்திக்கினு இருந்துச்சு, அப்பா எடுப்பாரு, அப்பா எடுப்பாருன்னு. ஏவாரம் பாத்துட்டுத் திரும்பறேன், காணோம்."

இரண்டாவது நம்பர் ஆபீஸ். ஒரு ஆள் எடுத்தார். "சார் நீங்களா? உங்க நம்பர் கிடைக்கவேயில்ல. பொண்ணு ஸ்கூலுக்கு வந்து சேரல சார். மேடம் எல்லாரும் தேடப் போய்ருக்காங்க."

அதற்கப்புறம் என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. மேட்டிலிருந்து எப்படி இறங்கினேன் என்றும் தெரியாது. முழங்காலில் சிராய்ப்பு இருக்கிறது. செல்வியிடம் ஓடினேன். அவள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அழவில்லை. "நீ போ. நான் மேட்ல குந்தி இருக்கறேன்." அவளிடம் போனே இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

விலாசத்துக்காக இந்தக் கையேட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணாமலை வண்டியில் ஏறினேன். மலை இறங்கும்போது ஒரு கேலியும் செய்யாமல் ஓட்டினான். அதிலேயே எனக்கு இன்னும் பயம் அதிகமாயிற்று. ஒவ்வொரு வளைவிலும் போனை எடுத்துப் பார்த்தேன். கடைசி வளைவுக்கு முன்னால் சார்ஜ் தீர்ந்து செத்துப்போனது. தொலைந்தால் கூப்பிட வேண்டிய எண். செத்துப்போன எண்.

போளூரிலிருந்து பஸ். ஜன்னல் ஓரம். ரோட்டில் போகிற ஒவ்வொரு பெண் பிள்ளையின் காலையும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆபீஸ் நம்பரை எழுதியிருந்தால் 9.40க்கே எடுத்திருப்பார்கள். 9.45க்குப் போய் நின்றிருப்பார்கள். அவள் பூக்கடைப் பக்கத்தில் குந்திக்கொண்டு அப்பா எடுப்பார் என்றபோது நான் டிராக்டர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமிகள் எல்லோரையும் கூப்பிட்டேன். அவர்களுக்கும் சிக்னல் இருந்ததா தெரியவில்லை.

ஹாஸ்டல் வாசலில் நாலரை மணி. கேட்டில் வாட்ச்மேன்.

"யாருங்க? பேரன்ட்ஸ் வரக்கூடாதுங்க, மூணு வாரம் ஆவணும்."

மகளைக் காணோம் என்று வாயைத் திறக்கப் போனேன். உள்ளே, குழாயடியில், ப. தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள். என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டு. காலில் அந்த ஷூ.

கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா விசயமா வந்தீங்க?" என்றார் வாட்ச்மேன் திரும்பவும்.

"ஷூ மாத்த வந்தேன்."

"ஷூ எங்க?"

"பொண்ணு கால்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் தேவகி மேடம் பார்த்துவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது அவருக்கும். நடந்ததைச் சொன்னார். அதே நம்பர் பஸ், எதிர்த்திசையில் போவதில் ஏறிவிட்டாள். தெரியாத இடம் என்றதும் இறங்கிவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறாள். பிறகு ஒரு கண்டக்டரிடம் பள்ளி பெயரைச் சொல்லிக் கேட்டு, ரோட்டைக் கடந்து, எதிர்ப் பக்கம் பஸ் ஏறி, பன்னிரண்டு மணிக்குத் தானே வந்து சேர்ந்துவிட்டாள். "உங்களுக்கு அடிச்சிக்கிட்டே இருக்கோம் சார், ஸ்விட்ச் ஆப்."

ப. வந்து நின்றாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே. மேடம் அவள் கழுத்துக் கார்டைக் கையில் எடுத்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. ஆபீஸ் நம்பர்தான் எழுதணும்னு சொன்னோமே. இது யார் எழுதினது?"

நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம். சொன்னால் இப்படிப்பட்ட அப்பன் வீட்டுப் பிள்ளை வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்களோ என்று ஒரு பயம். நாற்பத்தாறு வயது ஆள், வாத்தியார் முன்னால் வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி தரையைப் பார்த்தேன்.

"நான்தான் மேடம். மாத்தி எழுதிட்டேன்" என்றாள் ப.

மேடம் கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி. நாளைக்குப் புது கார்டு எழுதிக்கலாம்" என்றார்.

ப. என்னைக் கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். "பஸ்ல ஜாக்கிரதையா போப்பா." யார் யாருக்குச் சொல்வது.

பஸ் வந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

ராத்திரி போளூரில் அக்கா வீடு. அங்கேயே போனுக்குச் சார்ஜ் ஏற்றினேன். போளூரில் காத்திருந்த அண்ணாமலைக்கு மேடம் போனிலிருந்தே சொல்லியிருந்தேன், அவன் நேற்றே செய்தி கொண்டுபோய்விட்டான். ஆனாலும் காலையில் வீட்டுக்கு வந்தால் செல்வி டேங்க் மேட்டில்தான் இருக்கிறாளாம். ஏறிப் போனேன். பாப்பா சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டாள். தட்டு கழுவிக்கொண்டிருந்தாள் என்றேன். அப்போது அழுதாள். நேற்று முழுக்க அழாததும் சேர்த்து.

கார்டு விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று பார்த்தேன். "எழுதுன கையிக்கி ஒரு சூடு வெக்கணும்" என்றாள். அவ்வளவுதான். பிறகு கஞ்சி கொடுத்தாள்.

மதியம் இரண்டு மணிக்கே இரண்டு பேரும் மேட்டில் போய் உட்கார்ந்தோம். தூறல். குடை ப. எடுத்துப்போய்விட்டாள். உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டோம். 4.10க்கு அடித்தது. முதலில் மேடம் பேசினார், எல்லோர் வீட்டுக்கும் அவர் இரண்டு வார்த்தை பேசுகிறாராம். நான் விடவில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"மேடம், அந்தக் கார்டு எழுதினது நான்தான். பாப்பா இல்ல. அவ மேல தப்பு இல்லீங்க. அவள அனுப்பிடாதீங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு. "தெரியும் சார். ஏழு எழுதினா நடுவுல ஒரு கோடு போடறீங்க. உங்க மனு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. அதே நம்பர், அதே கோடு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. செல்வி "இன்னா சொல்றாங்க, இன்னா சொல்றாங்க" என்று தோளை இடித்துக்கொண்டே இருந்தாள்.

"யாரும் யாரையும் அனுப்பல சார். பதினொரு பேர்ல தப்பான பஸ் ஏறித் தானா திரும்பி வந்தது உங்க பொண்ணு ஒருத்திதான். மத்தவங்களுக்கு அவளையே சொல்லிக் கொடுக்கச் சொல்லியிருக்கேன்."

பிறகு ப. செல்வியோடு பத்து நிமிடம். சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள், பக்கத்துக் கட்டில் பிள்ளை தூக்கத்தில் பேசுகிறது, முறுக்கு தீர்ந்துவிட்டது, ஷூவை நாளைக்கு மாற்றித் தருகிறார்களாம், நான்காம் நம்பர். நாளைக்கு வகுப்பு.

என்னிடம் போன் வந்தபோது நேரம் ஆகிவிட்டது. பின்னால் யாரோ "பவி, சீக்கிரம்டி" என்கிறார்கள். பவியாம்.

"அப்பா, நேத்து ரொம்ப பயந்துட்டியா?"

"நானா? சே. நான் ஷூ மாத்தத்தான் வந்தேன்."

சிரித்தாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள். "புது கார்டுல ஆபீஸ் நம்பர் எழுதிட்டேன்ப்பா. நானே எழுதினேன். இனிமே தொலைஞ்சா அவங்களுக்கு அடிச்சிக்கறேன். உனக்கு அடிச்சா நீ பயந்துக்குவ."

"அதான் சரி சாமி. அப்படியே பண்ணு" என்றேன்.

சொல்லாதது: எனக்கும் ஒரு தடவை அடி.